கடைசிப் படகின் எண்ணிக்கை

பறவைகளை எண்ணுவது சுலபம், மேடம். மனிதர்களை எண்ணுவதுதான் சிரமம். பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது என்று வாசலில் இருந்தவர் சொன்னார். அதிக நேரம் எடுக்க மாட்டேன். உங்கள் அலுவலகம் எனக்குத் தபாலில் அனுப்பிய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். சின்னப் பிழைதான். ஆனால் சின்னப் பிழையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

படிவம் நிரப்பும்போது வயது கேட்டீர்கள். அறுபத்தேழு என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். இரண்டு என்றேன். எழுதப்போன பேனா அந்த இடத்தில் ஒரு நொடி நின்றது. கவனித்தேன். கவனிப்பதற்குத்தான் முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

மாத்திரைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலை என்னவென்றால், ஓடும் பட்டையில் வரிசையாக வரும் மாத்திரை அட்டைகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஓர் அட்டைக்குப் பத்து மாத்திரை. ஒரு குழி காலியாக இருந்தால் அந்த அட்டையை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். நான் ஓய்வுபெற்ற அன்று மேலாளர் பேசினார். இந்த மனிதரின் கண்ணைத் தாண்டிக் காலிக் குழியோடு ஓர் அட்டைகூட வெளியே போனதில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளுக்கு நாலு நிமிஷம் பிந்துகிறது. இன்னமும் தினமும் திருத்திவைக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. அதனால் பறவைகள். உங்கள் ஆள் என் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாரே, அந்த உருண்டையான இரும்புச் சாமான், அதன் பெயர் எண்ணி. கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினால் ஓர் எண் கூடும். கூட்டம் பெரிதாக இருந்தால் மற்றவர்கள் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவைப் பாய் விரிப்பதுபோலக் கூட்டத்தின்மேல் விரித்துக்கொண்டே போவார்கள். சுமார் நாலாயிரம் என்பார்கள். எனக்குச் சுமார் பிடிக்காது. நான் ஒவ்வொன்றாக அமுக்குவேன். எங்கள் பறவை பார்க்கும் குழுவில் என்னைக் 'கடைசிப் புள்ளி' என்று கூப்பிடுவார்கள். நான் புள்ளி வைத்தால் அதற்குமேல் பேச்சில்லை என்று அர்த்தம். பின்னால் போய் வேறு அர்த்தமும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒவ்வொரு குளிர்காலமும் நானும் மனைவியும் இரண்டு வாரம் வெயிலுள்ள கடற்கரை ஊருக்குப் போவோம். அவளுக்கு நெஞ்சு பலவீனம். இந்த ஊர்க் குளிர் ஆரம்பித்தால் இருமல் ஆரம்பித்துவிடும். ஓர் இரவுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு. போன வருஷம் உச்சம் அறுபத்தெட்டு. பக்கத்தில் படுத்துக்கொண்டு எண்ணிக் காலையில் நோட்டில் எழுதிவைப்பேன். டாக்டரிடம் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சூடான ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அப்படித்தான் அந்த விடுதி பழக்கமானது. எங்கள் குழுவும் அங்கேதான் வந்து தங்கும். பத்து அறை, நீளமான வராந்தா, சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். எதிரே உப்பங்கழி. அதற்கு அப்பால், நடுக்கடலில் முதுகு காட்டிப் படுத்திருப்பதுபோல ஒரு மணல்திட்டு. எங்கோ பனிப் பிரதேசத்திலிருந்து கிளம்பி வரும் உள்ளான் பறவைகள் குளிர்காலம் முழுக்க அங்கேதான் தங்கும். யோசித்தால் அவையும் எங்களைப்போலத்தான். வெயில் காயப் போகின்றன. என்ன, விடுதிக் கட்டணம் கிடையாது.

திட்டுக்குப் போய்வர எங்கள் குழுவுக்குச் சில விதிகள் உண்டு. பெரும்பாலும் நான் வகுத்தவை. போன்கள் எல்லாம் அணைக்கப்பட்டுப் படகில் ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விடும், ஏனென்றால் ஒரு மணியடித்தால் மூவாயிரம் பறவை கிளம்பிவிடும். திட்டில் பேச்சு கிடையாது. திரும்பும்போது படகடியில் நின்று நான் தலைகளை எண்ணுவேன். ஒவ்வொருவர் காலும் படகில் படும்போது ஓர் அமுக்கு. வந்தபோது இருந்த எண் வந்தால்தான் கடைசிப் படகு நகரும். நாற்பது வருஷம் படகோட்டியவர்கூட என்னைக் கேட்காமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார்.

இந்த வருஷம் என் மைத்துனனும் வந்தான். மனைவியின் ஒரே தம்பி. ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவனை எனக்குப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லக்கூடும். அவன் இருக்கும் இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்க முடியாது. முதல் நாள் நான் உள்ளான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருந்தது. அவன் என் காதருகே வந்து விதியை மீறி மெதுவாகப் பேசினான்.

"மாமா, உள்ளதைச் சொல்லட்டுமா. இங்க மொத்தமே இருபது குருவிதான் இருக்கு. நீங்க குனிஞ்சு எழுதுறப்போ அதுங்க அந்தப் பக்கமா சுத்திட்டு மறுபடி வருதுங்க. பெரியவருக்குப் பொழுது போகணுமேன்னு."

பின்னால் நின்றிருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மாலையில் வராந்தாவில் அவன் தொழில் கதைகளைச் சொல்லுவான். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, கேக்கோடு மாட்டிக்கொண்டு முழுக் கேக்கையும் தானே தின்றுவிட்டு வெளியே வந்த மனிதர் என்று. லிஃப்டில் சிக்கியவர்களிடம் தான் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான் என்றான். "எங்கயும் போகாதீங்க, நான் வந்துட்டு இருக்கேன்." அவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று எங்கள் குழுவில் வந்திருந்த பல் டாக்டர் கேட்டார். அப்படியில்லையாம். பயத்தில் கதவை நெம்பி வெளியே குதிக்கப் பார்க்கிறவன்தான் சாகிறானாம். நம்பிக் காத்திருக்கிறவனுக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லையாம். இருபத்தைந்து வருஷ அனுபவம்.

அந்த மாலைகளில் அவள் நிறையச் சிரித்தாள். நாலு நாளில் இருபத்தாறு தடவை. அதற்கு முந்தைய வருஷத்தின் எண்ணிக்கையும் என்னிடம் இருக்கிறது. அது இப்போது தேவையில்லை.

இரண்டாம் நாள் அவனும் நானும் மட்டும் மறைகுடிலில் இருந்தோம். மறைகுடில் என்றால் பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கான மரப்பலகைக் குடிசை. திட்டின் கடைசி முனையில், படகடியிலிருந்து முக்கால் மணி நேர நடையில், முழங்கால் உயரக் கட்டைகளின்மேல் நிற்கிறது. உள்ளே ஒரு பெஞ்சு. கடலைப் பார்த்து ஒரு நீளப் பிளவு. பின்பக்கம் வெறும் பலகை. படகடியில் என்ன நடக்கிறது என்று உள்ளிருப்பவருக்குத் தெரியாது.

அவன் பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா இனிமே எங்க வீட்லயே இருக்கட்டும். மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. எங்க ஊர்ல குளிரே கிடையாது" என்றான்.

நல்ல யோசனை என்றேன். எனக்கும் அங்கே பறவை பார்க்கத் தோதான குளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

அவன் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். "அக்கா மட்டும், மாமா. கொஞ்ச நாளைக்கு இல்ல. இனிமே."

"அவளே சொன்னாளா?"

"அவதான் சொன்னா. உங்ககிட்ட சொல்ல அவளுக்குப் பயம்."

"எதுக்காம்?"

நல்லவன், வேறு வார்த்தை தேடியிருப்பான். கிடைக்கவில்லை.

"யாரும் எண்ணாத இடத்துல இருமணும்னு சொன்னா, மாமா."

முன்னால் ஈர மணலில் பதினெட்டு உள்ளான்கள் இரை கொத்திக்கொண்டிருந்தன. எழுதிக்கொண்டேன். பிறகு சரி என்றேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வேன் என்று அவன் நினைக்கவில்லையாம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மேடம். காது அடைத்துக்கொண்டதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். விமானத்தில் போனால் ஆகுமே, அப்படி.

நான் கோபக்காரன் இல்லை. உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அவள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது ஒன்று. ஒன்றை யாரும் எண்ணுவதில்லை. அது சும்மா இருக்கிறது. எண்ணுவது என்று ஆரம்பிக்கக் குறைந்தது இரண்டாவது வேண்டும். சரி, அவள் ஏன் போகிறாள்? போக ஓர் இடம் இருப்பதால். அந்த இடம் ஏன் இருக்கிறது? அவன் இருப்பதால். அவன் இல்லாமலிருந்தால் அவள் முன்போலவே இருந்திருப்பாள். முப்பத்தாறு வருஷம் இருந்தவள்தானே. பட்டையில் ஓர் அட்டை கோணலாக வந்து சிக்கிக்கொண்டால் இயந்திரத்தையே யாரும் பிரித்துப் போட மாட்டார்கள். அந்த அட்டையை எடுத்து ஓரமாக வைத்தால் பட்டை தன்பாட்டுக்கு ஓடும்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கடல் ஏறி இறங்கும் நேரங்களைப் பட்டியலாக ஒட்டியிருப்பார்கள். ஐந்தாம் நாள், பகல் பன்னிரண்டு இருபது, அந்த மாதத்தின் மிகப் பெரிய ஏற்றம். அதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் திட்டு முழுகும் என்று எழுதியிருந்தார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே படித்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவளுக்குக் கொஞ்சம் இருமல். விடுதியிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். இரவு பதினொன்றுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விடியும்போது இரண்டு படகில் ஒன்பது பேர் கிளம்பினோம். பல் டாக்டரும் அவர் மனைவியும், ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா தங்கை இருவர், புகைப்படக்காரர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மைத்துனன், நான். அந்த ஜோடி ஐந்து நாளில் ஒரு பறவையையும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஒருவரை ஒருவர்தான். இது சாட்சியத்துக்கு முக்கியம், அதனால் சொல்கிறேன்.

மைத்துனனை மறைகுடிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு. குருவி அளவுதான் இருக்கும். மூக்கு நுனி மட்டும் சின்னக் கரண்டிபோலத் தட்டையாக இருக்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். பன்னிரண்டு குளிர்காலமாக நான் அதைத் தேடுகிறேன், ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை. அன்று வரக்கூடும் என்று அவனிடம் சொன்னேன். தண்ணீர் ஏற ஏறப் பறவைகளுக்கு நிற்க இடம் குறையும், அவை பின்வாங்கிப் பின்வாங்கிக் குடிலுக்குக் கிட்டே வரும், எவ்வளவுக்கு ஏறுகிறதோ அவ்வளவு கிட்டே பார்க்கலாம் என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பறவை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பலகைக்குமேல் கொஞ்சம் தண்ணீர் வரும், கால் நனையும், அதற்குப் பயந்து கிளம்பிவிடாதே, படகே குடிலின் வாசலுக்கு வரும் என்றேன். இது பொய்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. லிஃப்டில் தண்ணி வராது மாமா என்று சொல்லி ஒருமுறை சிரித்திருக்கிறான்.

கிளம்பும்போது, "எங்கயும் போகாதே, நான் வந்துட்டு இருக்கேன்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் டயலாக்கை என்கிட்டயே சொல்றீங்களே, மாமா" என்றான். என் பழைய பைனாகுலர் அவன் கழுத்தில் இருந்தது. புதியவர்களுக்குக் கொடுக்கும் பறவைப் பட்டியல் தாளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு முதல் படகு போனது. மூத்த டீச்சருக்கு முழங்கால் வலி, தங்கை கூடப் போனார், அவர்களோடு பல் டாக்டரும் மனைவியும். நாலு அமுக்கு. பத்தரைக்குக் கடைசிப் படகு. புகைப்படக்காரர் ஏறினார், ஐந்து. ஜோடி ஏறியது, ஆறு, ஏழு. முதல் படகில் போனவர்கள் மைத்துனன் எங்களோடு வருவான் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் படகில் இருந்தவர்கள் அவன் முன்னாலேயே போய்விட்டான் என்று நினைத்திருப்பார்கள். அதிகம் நினைத்திருக்கவும் மாட்டார்கள். நினைப்பதற்குத்தான் நான் இருக்கிறேனே. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் கடைசியாக ஏறினேன். வலது காலைப் படகில் வைக்கும்போது ஒருமுறை அமுக்கினேன். இடது காலை வைக்கும்போது ஒருமுறை அமுக்கினேன்.

"ஒன்பதும் வந்தாச்சா, சார்?" என்று படகோட்டி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதில் ஒன்பது இருந்தது. அவர் கயிற்றை அவிழ்த்தார்.

கரைக்கு வந்ததும் அன்றைய எண்ணிக்கைகளை நோட்டில் சுத்தமாக எழுதினேன். உள்ளான் வகைகள் மூவாயிரத்து நூற்றிப்பதினாறு. நாரை ஏழு. கடற்காகம் இருநூற்று நாற்பது. குளித்தேன். பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

தம்பி எங்கே என்று மனைவி கேட்டாள். முதல் படகிலேயே வந்திருப்பான், களைப்பில் தூங்குவான், எழுப்பவேண்டாம் என்றேன். பல் டாக்டர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டிய இடம் அது. அவர் மேஜையின் மறுகோடியில் மூத்த டீச்சரின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், தங்கையும் டாக்டரின் மனைவியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறையிலும் அவரை விடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். ஒரு தட்டில் அவனுக்குச் சாப்பாடு எடுத்து, இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். அவன் அறைக்குப் பக்கத்து ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்கிறது என்று போய்ச் சாத்தினாள். வராந்தாவில் ஜோடி ஏதோ சொல்லிச் சிரித்தபோது உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினாள். தனக்கு இருமல் வந்தபோது தோட்டத்துக்கு எழுந்துபோய் இருமிவிட்டு வந்தாள். சாத்திய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, உள்ளே யாருமில்லாத அறைக்கு மூன்று மணி நேரம் காவல் இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். பன்னிரண்டு இருபதுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் ஒரு கொசுவை விரட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல்.

மூன்று மணிக்கு டீயோடு போய்க் கதவைத் தட்டினாள்.

மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது. தண்ணீர் இறங்கியபிறகு படகுகள் போயின. பொழுது சாயுமுன் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே அவனைக் கண்டுபிடித்தார்கள். விசாரிக்க வந்தவரிடம் எண்ணியைக் காட்டினேன். அது இன்னும் ஒன்பது காட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை அமுக்கியிருக்கலாம் என்றேன். அதுவும் பொய்யில்லை.

எல்லோரும் என்னை மன்னித்தார்கள். அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. டீச்சர் சகோதரிகள் முறை போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "வயசான கை சார். விரல் நடுங்கி ரெண்டு தடவை அழுந்தியிருக்கும். மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க" என்றார். என் விரல் நடுங்கியதே இல்லை, மேடம். இதோ பாருங்கள். மைத்துனன் மனைவி ஊரிலிருந்து வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பு இல்லண்ணா" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்தால் பார்த்தாள். உட்கார்ந்தால் பார்த்தாள்.

பதினோரு நாள் கழித்து அவனுடைய சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பைனாகுலர், ஒற்றைச் செருப்பு, அந்தப் பிளாஸ்டிக் உறை. உறை நல்ல உறை. உள்ளே ஈரம் போகவில்லை. பட்டியல் தாளின் பின்பக்கம் அவன் எழுதியிருந்தான். அவள் சமையலறை மேஜையில் விரித்து வைத்துப் படித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன்.

'10.20 கரண்டி 1. 10.45 கரண்டி 3. மொத்தம் 4. மாமா, சத்தியமா 4. ஓடி வாங்க.
11.10 தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு. குருவி எல்லாம் கிளம்பிடுச்சு. நான் மட்டும் இருக்கேன்.
11.30 பெஞ்சு மேல நிக்கறேன். படகு வரல.
11.40 மாமா என்னை எண்ண மறந்துட்டார் போல.'

கரண்டிமூக்கு நான்கு இல்லை. முதலில் வந்த ஒன்றேதான் பிறகு வந்த மூன்றிலும் இருந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. இருந்தாலும் மூன்று என்று திருத்தி என் நோட்டில் ஏற்றினேன். அவன் பெயரிலேயேதான் ஏற்றினேன். பார்த்தவன் அவன்தானே. அதுதான் நியாயம்.

நான் எழுதி முடித்துப் பேனாவை மூடும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கடைசி வரியின்மேல் விரலை வைத்து, பதினோரு நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"நீங்க மறக்க மாட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. மறுநாள் காலையில் ஒரு பையோடு தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். மாடி அறையில் இருக்கிறாளாம். நாற்பத்தாறு நாள் ஆகிறது. வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். வழியில் தொலைந்துவிடும் என்று வைத்திருப்பாள். அவளுக்குச் சாமான்களை அங்கே இங்கே வைத்துத் தொலைக்கும் பழக்கம் உண்டு. மைத்துனன் மனைவிக்கும் துணை வேண்டுமல்லவா. குளிர் முடிந்ததும் வந்துவிடுவாள். இரவில் அவள் இருமுகிற நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எண்ணாமல் படுத்திருக்கிறேன். எண்ணுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டதே. நானும் மாறித்தான் இருக்கிறேன்.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. மூன்றாம் பக்கம், கீழிருந்து ஆறாவது வரி. 'வயது முதிர்ந்தவரின் கைப்பிழையால் ஒரே நபர் இருமுறை எண்ணப்பட்டதே இம்மரணத்துக்குக் காரணம்.' திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரே நபர் இருமுறை எண்ணப்பட்டது சரி. கைப்பிழையால் என்ற சொல் தவறு. படகடியில் நின்றபோது எட்டு என்று எனக்குத் தெரியும். எண்ணி ஒன்பது காட்ட வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது முறை அமுக்கினேன். ஒரு குழி காலியாக இருந்த அட்டையை, என் கண்ணால் பார்த்து, என் கையாலேயே வெளியே அனுப்பினேன். பிழை இல்லை, மேடம். வேலை. அவனை நான் கொன்றேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, 'வேண்டுமென்றே' என்று மேலே எழுதிவிடுங்கள். பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

திருத்திய பிரதி ஒன்றை மாடி அறை முகவரிக்கு அனுப்பினால் நல்லது. அவள் சொன்னதுதான் சரி என்று அச்சில் பார்த்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும். நான் தளர்ந்துபோகவில்லை என்றும் தெரியும். திரும்பி வருவதற்கு அது ஒரு சாக்காக இருக்கட்டும்.

அப்புறம் அந்த முதல் பக்கத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தை இன்னும் காலியாகவே விட்டிருக்கிறீர்கள். இரண்டு என்று எழுதுங்கள். நான் சும்மா சொல்லவில்லை, அந்த எண்ணியை எடுத்துப் பாருங்கள், இரண்டு காட்டும். இன்று காலை கிளம்பும்போது வாசற்படியில் நின்று எண்ணிவிட்டுத்தான் வந்தேன். வலது காலை வெளியே வைக்கும்போது ஒன்று. இடது காலை வைக்கும்போது ஒன்று.